பதினான்காம் தீம்பாரில் எடுத்த நாற்பது விநாடி

ரந்தாவ்
5 செப்டம்பர் 2023, செவ்வாய்

ஹேமா,

நலமா தம்பி என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை. நாலு நாளில் இருபது முறை கூப்பிட்டிருக்கிறாய். எடுக்க மாட்டேன். இனிமேல் உன்னிடம் பேச்செல்லாம் தாளில்தான். கைப்பேசியில் ஒன்று விழுந்தால் அது ஊர் சுற்றிவிட்டுத்தான் திரும்பி வருகிறது, அதை நீயே எனக்குக் காட்டிவிட்டாய். இராஜமாணிக்கம் அண்ணன் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய் லாரியைக் கிள்ளானுக்கு ஓட்டி வருகிறார். இதை உன் கையிலேயே கொடுத்து, பதில் வாங்காமல் திரும்பக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

நீ எடுத்த சினிமா திரைக்கு வரும்வரை அதில் ஒரு துண்டுகூட வெளியே விடமாட்டேன் என்று அம்மா படத்துக்கு முன்னால் நின்று சொன்னாய். வெள்ளிக்கிழமை நான் தோட்டத்து ஆபீசில் ஆள் வருகைச் செக்ரோல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து மேசை புஷ்பவள்ளி கைப்பேசியை நீட்டுகிறாள். "கிராணிம்மா, இதப் பாருங்க, நம்ம தோட்டத்துல எடுத்ததாம்லா." பார்த்தேன். நாற்பது விநாடி. மழை, இருட்டுகிற நேரம், பதினான்காம் தீம்பார்க் காட்டுப் பாதை, இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள். தூரத்தில் ஒரு உருவம் கழுத்து ஒடிந்த மாதிரி சாய்ந்துகொண்டு வருகிறது. கேமரா நடுங்குகிறது. ஒரு பெண் அலறுகிறாள். கீழே நீ எழுதியிருக்கிறாய்: 'ரந்தாவ் அருகே கண்டெடுத்த கைப்பேசியில் இருந்தது. எடுத்தவர் இப்போது எங்கே என்று தெரியவில்லை.'

எடுத்தவள் இங்கேதான்டா இருக்கிறேன். செக்ரோல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நேற்றுவரை மூன்று லட்சம் பேர் பார்த்துவிட்டார்களாம். வங்காளதேச ஆட்கள் பதினான்குக்கு வேலைக்குப் போக மாட்டோம் என்கிறார்கள். யாரோ அங்கே முனியாண்டிக்கு எலுமிச்சம்பழமும் சுருட்டும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. சாயங்காலமானால் லுக்குட்டிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் மோட்டார் சைக்கிள்களில் ஆட்கள் வருகிறார்கள், கையில் கம்பு. அந்த ஜந்துவைப் பிடிக்கப் போகிறார்களாம்.

ஜந்து யார் என்று உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். சன்னாசி அண்ணனுக்கு ஐம்பத்தேழு வயது. முப்பத்தொரு வருஷம் நீளக் கம்பில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்தே குலை அறுத்துக் கழுத்து ஒரு பக்கமாக நின்றுவிட்டது. வலது தோள் இறங்கிவிட்டது. மழை வந்தால் கோணிப்பையை மடித்துத் தலையில் போட்டுக்கொள்வார். நாம் அவருக்கு வேஷம் ஒன்றும் போடவில்லை. மழை நாளில் அந்த மனுஷன் வேலை விட்டு வீட்டுக்கு வருவதே அப்படித்தான். தீம்பார் ஓரத்துக் கடைசி லயத்து வீட்டில் ஒண்டியாக இருக்கிறார். காது மந்தம். எவனாவது பின்னாலிருந்து நில் என்று கத்தினால் அவருக்குக் கேட்காது. கம்போடு வருகிறவன் இவர் என்ன என்று விசாரித்துக்கொண்டு நிற்பானா?

பேய் என்று முடிவு கட்டிவிட்டுப் பார்க்கிறவனுக்கு ஆள் தெரியாது. புஷ்பவள்ளி மாதாமாதம் அவருக்குச் சம்பளச் சீட்டு எழுதுகிறவள், அவளுக்கே தெரியவில்லை.

நானே எழுந்து சொல்லிவிடலாம். மேனேஜர் துரையிடம் கேட்காமல் தோட்டத்துக்குள் படம் எடுத்தது வெளியே வரும், கிராணி வேலை போகும். பயமாக இருக்கிறது, அதனால்தான் உன்னை எழுதச் சொல்கிறேன். இது சினிமா, அது ஒரு மனுஷன் என்று இன்றைக்கே போட்டுவிடு.

குமுதவல்லி


கிள்ளான்
5 செப்டம்பர்

அக்கா,

லாரி அண்ணன் எதிர்க்கடையில் ரொட்டி சானாய் சாப்பிடுகிறார். இரண்டாவது ரொட்டி முடிவதற்குள் எழுத வேண்டும்.

சத்தியத்தை மீறினேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இருபத்திரண்டாம் தேதி படம் ஒன்பது திரையரங்கில் வருகிறது. அதுவரை இது கதை என்று நான் வாய் திறக்கக் கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆறு வருஷம் கல்யாண வீடுகளில் மற்றவன் சிரிப்பை எடுத்துக்கொண்டிருந்தவன் நான். இந்த ஒரு படம்தான் எனக்கு இருக்கிறது.

கண்டெடுத்த காட்சி மாதிரி எடுக்கிற படங்களுக்கு உயிரே அந்தப் பொய்தான் அக்கா. கொடூரமான மிருகம் மற்றப் படங்களிலும் வருகிறது. ஆனால் அங்கே இசை வந்து முன்கூட்டிச் சொல்லிவிடும், கேமரா அழகாக நின்று காட்டிவிடும், நாமும் இருக்கையில் சாய்ந்துகொள்வோம். இதில் கேமரா பயந்த ஒருத்தன் கையில் இருக்கிறது. அவன் ஓடினால் நாமும் ஓடுகிறோம். அவன் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் நமக்கும் தெரியாது. எடுத்தவன் உயிரோடு இல்லை என்று ஒரே ஒரு விநாடி நம்பிவிட்டால் போதும், அப்புறம் இலை அசைந்தால்கூடப் பயம்தான். நீதான் முதலில் இதைக் கண்டுபிடித்தாய். எனக்குப் பன்னிரண்டு வயது. ரந்தாவ் பசார் மாலாம் இரவுச் சந்தையில் கீறல் விழுந்த படத்தட்டு வாங்கி வருவாய், அம்மா தூங்கியபிறகு போர்வைக்குள் இருந்து பார்ப்போம். "பெரிய படத்துல பூதம் வந்தா துப்பாக்கியோட எவனாச்சும் வந்துருவான்டா. இதுல யாரும் வரமாட்டாங்க. நம்ம வீடு மாதிரியே இருக்கு" என்றாய். அதை வைத்துத்தான் நான் படமே எடுத்தேன்.

உன் கை நடுங்கியதும் உன் அலறலும்தான் அந்த நாற்பது விநாடி. வேறு ஆளை வைத்து எடுத்திருந்தால் மூன்று லட்சம் பேர் நின்று பார்த்திருக்க மாட்டார்கள்.

சன்னாசி அண்ணனுக்கு எல்லாம் சொல்லித்தான் எடுத்தேன். சிரித்துக்கொண்டே சரி என்றார். பதினேழு நாள். அதுவரை மழையில் வெளியே போகாமல் பார்த்துக்கொள். லுக்குட் ஆட்கள் இரண்டு நாளில் சலித்துப் போய்விடுவார்கள்.

ஹேமா


ரந்தாவ்
8 செப்டம்பர், வெள்ளி

ஹேமநாதன்,

சலித்துப் போகவில்லை. புதன்கிழமை நாலு மோட்டார், நேற்று பதினொன்று. சத்தியசீலன் என்று ஒருத்தன், லுக்குட்டில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறானாம். நேரலையில் பேசிக்கொண்டே தீம்பாருக்குள் போகிறான். "இன்னைக்கு அத உயிரோடயோ பிணமாவோ காட்டுறேன்" என்கிறான். கீழே ஆயிரம் பேர் கைதட்டுகிறார்கள். நேற்று சன்னாசி அண்ணன் நாய் நொண்டிக்கொண்டு வந்தது. பின்னங்காலில் ஏர்கன் குண்டு. நாய்க்கு அது, நாளைக்கு யாருக்கு?

புதன்கிழமை வேலை விட்டதும் அவர் வீட்டுக்குப் போனேன். மழையில் வெளியே போகாதீங்கண்ணே, ஊர் ஆட்கள் ஒரு மாதிரித் திரிகிறார்கள் என்று காதோரம் கத்திச் சொன்னேன். தலையை ஆட்டினார். அப்புறம் கேட்டார், "கிராணிம்மா, நம்ம படம் எப்ப வருது?"

"எந்தப் படம்ணே?"

"தம்பி எடுத்தானே, அறுப்பு வேலையப் பத்தி. தோட்டத்து ஆளுங்க எப்படிக் கஷ்டப்பட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியணும், அதுக்குத்தான் எடுக்குறேன்னான். வேலை முடிஞ்சு எப்பவும் போல நடந்து வாங்கண்ணே போதும்னான். சிரம்பான்ல என் தங்கச்சி மங்கம்மாகிட்ட சொல்லிட்டேன். வரேன்னிருக்கு."

எல்லாம் சொல்லித்தான் எடுத்தேன் என்று எழுதியிருக்கிறாய். இதுதானா நீ சொன்னது? அவர் பாட்டுக்கு நடந்து வந்தார். நான் பக்கத்தில் நின்று அவரைப் பார்த்து அலறினேன். காது கேட்காததால் அவருக்குத் தெரியவில்லை. அவருக்கு விவரம் தெரியும், நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அலறினேன். நடந்து முடித்துவிட்டு வந்து, "சரியா இருந்துச்சாம்மா" என்று என்னைத்தான் கேட்டார். நான் சூப்பர்ணே என்று பெருவிரலைக் காட்டினேன்.

உன் படங்களைப் பற்றி நீ எழுதியதெல்லாம் சரிதான். கேமராவைப் பிடித்திருப்பவன் கதி என்ன ஆகுமோ என்றுதான் நாம் இரண்டு மணி நேரம் பதறுகிறோம். எதிரே வருகிறது எது, அதற்கு வீடு எங்கே என்று ஒருத்தரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை, அதனால்தான் எனக்கு அது அவ்வளவு பிடித்தது.

கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று இனி எழுதாதே. இன்று சாயங்காலத்துக்குள் போடு. போடவில்லை என்றால் எனக்குத் தம்பி இல்லை.

குமுதவல்லி


கிள்ளான்
8 செப்டம்பர்

அக்கா,

உனக்கு எழுதுவதற்கு முன்பே போட்டுவிட்டேன். என் முகத்தைக் காட்டிப் பேசினேன். இது நான் எடுத்த படம், நடந்து வருகிறவர் ஒரு தோட்டத் தொழிலாளி, தயவுசெய்து யாரும் அங்கே போகாதீர்கள் என்று சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை, அவர் பெயரையும் சொல்லவில்லை. பெயர் சொன்னால் வீட்டைத் தேடி வந்துவிடுவார்கள் என்று பயந்தேன்.

அவரிடம் பொய் சொன்னது உண்மை. விவரம் சொன்னால் அவர் நடிக்கப் பார்ப்பார், நடித்தால் அந்த நடை கெட்டுவிடும் என்று நினைத்தேன். தோட்டத்துப் படம் என்று சொன்னதும் சட்டையை மாற்றிக்கொண்டு வரட்டுமா என்றார். வேண்டாம்ணே, கோணிப்பையோடயே வாங்க என்றேன். அப்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. நல்ல ஷாட் கிடைக்கப் போகிறது என்ற சந்தோஷத்தில் அதை நான் கண்டுகொள்ளவில்லை.

அண்ணன் ஹாரன் அடிக்கிறார். சன்னாசி அண்ணனைப் பார்த்துக்கொள் அக்கா.

ஹேமா


ரந்தாவ்
12 செப்டம்பர், செவ்வாய்

ஹேமா,

நீ போட்டதை எல்லோரும் பார்த்தார்கள். ஒருத்தன் நம்பவில்லை. வாட்ஸ்அப் புலனக் குழுவில் வந்ததை அப்படியே எழுதுகிறேன்: "தோட்டத்துல ஆள் வேலைக்குப் போகணும்ல, அதான் கம்பெனி ஒருத்தனப் பிடிச்சுப் பேச வச்சிருக்கு. பயந்து போய்ப் பேசுறான் பாருங்க, கண்ணப் பாருங்க." அந்தப் பெண் செத்துவிட்டாள், அதனால்தான் அவள் பெயரைச் சொல்லவில்லை என்று இன்னொருத்தன். பொய்யை நம்ப நாற்பது விநாடி போதும், உண்மையைச் சொன்னால் ஆதாரம் கேட்கிறார்கள். சனிக்கிழமை முப்பது மோட்டார் வந்தது.

ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். உட்கார்ந்து படி.

சன்னாசி அண்ணன் மங்கம்மாவைப் பார்க்கச் சிரம்பான் போயிருந்தார். ஆறு மணி பஸ்ஸில் வருகிறேன் என்றார். சந்தியில் மோட்டாரோடு நின்று ஏற்றிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன். பஸ் பதினைந்து நிமிஷம் முன்னால் வந்துவிட்டது. தூறல். நான் போனபோது சந்தியில் ஆளில்லை. செம்மண் சடக்கில் அவர் நடந்து போன தடம் மட்டும் இருந்தது.

பதினான்காம் தீம்பார் மூலை திரும்பியதும் பார்த்தேன். எட்டுப் பத்து மோட்டாரை வட்டமாக நிறுத்தி எல்லா விளக்கையும் போட்டிருக்கிறார்கள். நடுவில் அவர். தலையில் துண்டு, ஒரு கையால் கண்ணை மறைத்திருக்கிறார். புருவத்திலிருந்து ரத்தம். யாரோ கல்லை எறிந்துவிட்டான். "ஏன்யா, ஏன்யா" என்றுகொண்டு இந்தப் பக்கம் இரண்டு எட்டு, அந்தப் பக்கம் இரண்டு எட்டு வைக்கிறார். எந்தப் பக்கம் நடந்தாலும் அவர்கள் பின்னால் போகிறார்கள். அந்த நடையைப் பார்த்துத்தான் போகிறார்கள். அத்தனை பேர் கையிலும் கைப்பேசி, அத்தனையும் நடுங்குகிறது. சத்தியசீலன் கையில் இரும்புக் குழாய்.

அது மனுஷன்டா என்று கத்தினேன். மோட்டார் இரைச்சலில் எவனுக்கும் கேட்கவில்லை. குழாயை ஓங்கிவிட்டான். நான் அலறினேன். வேண்டும் என்று அலறவில்லை, தானாக வந்தது.

எல்லாரும் திரும்பினார்கள். சத்தியசீலன் கை அப்படியே நின்றது. இந்தப் பத்து நாளில் அவன் அந்தச் சத்தத்தை நூறு முறை கேட்டிருப்பான். என்னையே பார்த்தான். "அக்கா, அந்தக் காணொளில கத்துனது நீங்களா?" என்றான்.

"நான்தான். அதை எடுத்ததும் நான்தான். இவர் பேரு சன்னாசி. கடைசி லயத்துல இருக்காரு. குலை அறுக்குற ஆளு. கழுத்து ஏன் அப்படி இருக்குன்னு உங்க வீட்டுப் பெரியவங்கள யாரையாச்சும் போய்க் கேளு."

நம்ப முடியாமல் ஒருத்தன் அந்தக் காணொளியை ஓட்டினான். கைப்பேசியை என் பக்கம் நீட்டி, அதையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். அவன் நின்றது சன்னாசி அண்ணன் பக்கத்தில். சத்தத்தை முழுசாக வைத்திருந்தான். அவரும் குனிந்து பார்த்தார். நாற்பது விநாடியும் பார்த்தார். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டான்.

அப்புறம் என்னிடம் கேட்டார். "இதுல கத்துறது நீயாம்மா?"

"ஆமாண்ணே."

"என்னப் பாத்தா?"

சினிமாவுக்காகண்ணே என்றேன். வேறு என்ன சொல்ல முடியும், நீயே சொல். "சரிம்மா" என்றார். அவ்வளவுதான்.

சத்தியசீலன் தன் சட்டையைக் கழற்றி அவர் புருவத்தில் வைத்து அழுத்தினான். அவன்தான் கார் பிடித்துச் சிரம்பான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். ஆறு தையல். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தான்.

நேற்று காலை துரையிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விசாரணை வைப்பார்களாம். வைக்கட்டும்.

அக்கா


கிள்ளான்
15 செப்டம்பர், வெள்ளி

அக்கா,

உன் கடிதத்தைச் செவ்வாய் அன்றே படித்துவிட்டேன். லாரி அண்ணன் நின்று பார்த்தார், எனக்கு எழுத வரவில்லை. வெள்ளிக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று போய்விட்டார்.

படத்திலிருந்து அவர் வருகிற எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். விநியோகஸ்தர் கேட்டார், ஜந்து இல்லாமல் ஜந்துப் படமா என்று. திரையிட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அப்படியே ஆகட்டும் என்றேன். நாற்பது விநாடியையும் அழித்துவிட்டேன். ஆனால் மற்றவர்கள் எடுத்து வைத்திருக்கிறார்கள், நேற்று யாரோ பாட்டுச் சேர்த்துப் போட்டிருக்கிறான். அதைத் திரும்ப வாங்க எனக்கு வழி தெரியவில்லை.

அவரிடம் நேரில் வந்து காலில் விழ வேண்டும். அவருக்குச் சொன்ன படத்தை உண்மையிலேயே எடுத்துக் கொடுக்கலாம் என்றுகூட நினைக்கிறேன். அறுப்பு வேலை, அவர் வாழ்க்கை, எல்லாம். கோபமாக இருக்கிறாரா? என்ன சொல்கிறார்? வரட்டுமா?

ஹேமா


ரந்தாவ்
19 செப்டம்பர், செவ்வாய்

ஹேமா,

கோபம் என்று ஒன்றும் இல்லை. உன்னைப் பற்றிக் கேட்டேன். "தம்பி நல்லவன்தான். தொழிலுக்காகச் செஞ்சிருக்கான்" என்றார். உன்னை வாழ்த்தித்தான் பேசினார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

இன்னொரு படம் என்ற பேச்சை எடுக்காதே. நீ கேமராவைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றால் நானே உன்னைச் சந்தியில் இருந்து திருப்பி அனுப்புவேன். கையை வீசிக்கொண்டு வா. காலில் விழுவதெல்லாம் வேண்டாம், ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார். கிளம்பும்போது அவர் எழுந்திருக்கட்டும் என்று காத்திருக்காதே. நீ முதலில் எழுந்து போய்விடு. ஏன் என்று சொல்கிறேன்.

தையல் பிரித்து நேற்று வேலைக்கு வந்தார். காலை ஐந்தரைக்கு ஆபீசுக்கு முன்னால் பெரட்டு, உனக்குத் தெரியும், பேர் கூப்பிட்டு ஆளை எண்ணி வேலைக்காட்டுக்கு அனுப்புவது. நான் பேர் கூப்பிடத் தொடங்கிய நாளிலிருந்து அவர் எப்போதும் முதல் வரிசை, பேர் கூப்பிட்டு முடிப்பதற்குள் கம்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். நேற்று எல்லாருக்கும் முன்னால் வந்து சுவரோரம் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்திருந்தார். எத்தனை மணிக்கு வந்தாரோ, அவர் நடந்து வந்ததை ஒருத்தரும் பார்க்கவில்லை.

பேர் உரக்கப் படித்தேன். "சன்னாசி." "இருக்கேன்மா" என்றார். எழுந்திருக்கவில்லை. மற்றவர்கள் டிராக்டரில் ஏறினார்கள். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் காதோரம் வந்து கூப்பிட்டார், "வாங்கண்ணே, நேரமாச்சு." "நீங்க போங்க, பின்னாடியே வரேன்" என்றார். டிராக்டர் போய்விட்டது. களத்தில் அவரும் நானும்தான். நான் செக்ரோலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கால் வலிக்கிறதாண்ணே என்று குனிந்து சத்தமாகக் கேட்டேன். இல்லைம்மா என்றார். அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னார், "நீ உள்ள போம்மா."

இன்றைக்கும் அதேதான் நடந்தது. நான் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அதற்கப்புறம்தான் வெளியே அவர் எழுந்து நடக்கிற சத்தம் கேட்டது.

அக்கா